வழு எண் 1: மனிதர்களுக்கான லினக்ஸ், எந்த மனிதருக்கு?

உபுண்டுவின் வழுப்பட்டியலில் 1 என்ற எண் கொண்ட வழு பதிவானது 2004 ஆகஸ்ட் 20 அன்று. உபுண்டுவின் முதல் பதிப்பே அந்த வருஷம் அக்டோபரில்தான் வந்தது. அதாவது இயங்குதளம் வெளிவரும் முன்னாடியே வழு வந்துவிட்டது. பதிந்தவர் உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த். சந்தையில் மைக்ரோசாஃப்டுக்குத்தான் பெரும்பங்கு இருக்கிறது, அதுதான் வழு என்று எழுதியிருந்தார். பாதி வேடிக்கை, பாதி அறைகூவல். என்னை மாதிரி ஆட்களுக்கு அதைப் படித்தபோது புல்லரித்தது.

எங்க வீட்டிலும் ஒரு வழு இருந்தது. அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. 2012 தீபாவளி முடிந்த கையோடு தொடங்கி 2013 பொங்கல் வரை, மொத்தம் 61 நாள். அதை வைத்துத்தான் இந்தக் கட்டுரை. இருபது வருஷத்துக்கு மேல் லினக்ஸைப் பயன்படுத்துகிறவன், பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைச் சிபாரிசு செய்தவன் எழுதும் விமர்சனம் இது. இதில் குற்றம் சாட்டப்படும் ஆட்களில் நானும் ஒருத்தன்.

சிடி வந்த காலம்

பி.இ. படிக்கும்போது பிசி க்வெஸ்ட் இதழோடு வந்த சிடியில்தான் எனக்கு லினக்ஸ் அறிமுகம். அறையில் நாலு பேருக்குப் பொதுவான ஒரே கணினி. பார்ட்டிஷன் பிரிக்கத் தெரியாமல் மொத்த ஹார்ட் டிஸ்கையும் அழித்துவிட்டு, செமஸ்டர் முடிகிற வரைக்கும் மற்ற மூணு பேரிடமும் திட்டு வாங்கினேன். ஆனாலும் ஆசை விடவில்லை.

அப்புறம் உபுண்டு வந்தது. முகவரி கொடுத்தால் போதும், 'ஷிப்இட்' திட்டத்தில் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பி வைப்பார்கள். 2011 வரைக்கும் அந்தத் திட்டம் இருந்தது. நான் கொத்தாக வரவழைத்து, கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி வீடு வீடாகக் கொடுத்திருக்கிறேன். 'மனிதர்களுக்கான லினக்ஸ்' என்பது அவர்களுடைய வாசகம். அதற்கு முன்னால் லினக்ஸ் என்றாலே கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற கூட்டத்துக்குச் சொந்தமானது என்ற பேச்சு இருந்ததால், அந்த வாசகம் பெரிய வாக்குறுதியாகத் தெரிந்தது.

சிடி கொடுக்கும்போது நான் சொன்ன முதல் காரணம், 'காசே வேண்டாம், இலவசம்.' இப்போது யோசித்தால் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிகிறது. எங்க ஊர்ப் பக்கம் விண்டோஸுக்கு யார் காசு கொடுத்தார்கள்? அசெம்பிள் பண்ணிக் கொடுக்கும் கடைக்காரரே ஒரு திருட்டு நகலைப் போட்டு, கூடவே பத்துப் பாட்டு சிடியும் கொடுப்பார். இலவசத்தோடு இலவசம் போட்டி போட்டால், பழகிய இலவசம்தான் ஜெயிக்கும். சுதந்திரம், கட்டற்ற மென்பொருள் என்று நான் பேசிய இரண்டாவது காரணத்தைக் கேட்டவர்கள், காபி குடித்து முடிக்கிற வரைக்கும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

ஒரே ஒருத்தர் மட்டும் உண்மையாகவே ஏற்றுக்கொண்டார். எங்க அப்பா.

அப்பாவின் கோப்பு

அப்பா பொதுப்பணித்துறையில் தட்டச்சராகச் சேர்ந்து, நீர்ப்பாசனப் பிரிவில் எழுத்தராக ஓய்வு பெற்றவர். ஊர் அம்பாசமுத்திரம். ஓய்வு பெற்ற பிறகும் அணை நீர்மட்டம் பார்க்கும் பழக்கம் போகவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் முதலில் அந்தச் சின்னக் கட்டத்தைத்தான் தேடுவார். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு. பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118 என்று முழுக் கொள்ளளவு மட்டம் எல்லாம் மனப்பாடம். 'இன்னும் ரெண்டு மழை விழுந்தா பிசானத்துக்குக் கவலை இல்ல' என்று யாரும் கேட்காமலே சொல்வார்.

2010-ல் அவருக்கு ஒரு கணினி வாங்கிக் கொடுத்து, அப்போது வந்திருந்த உபுண்டு 10.04-ஐப் போட்டேன். பென் டிரைவ் வைரஸ் தொல்லை இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவருக்குத் தெரிந்தது பழைய தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகை. ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவியதும் அந்த அமைப்பு அப்படியே கிடைத்தது, அதுவும் யூனிகோடில். இருபத்தைந்து வருஷம் ரெமிங்டனில் அடித்த விரல்கள், முதல் நாளே கீபோர்டைப் பார்க்காமல் அடித்தன. 'அட, இது நம்ம மெஷினுல்லா' என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

அவர் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஜிஎடிட்டில் 'அணை' என்று ஒரு கோப்பு. தேதி, மூன்று அணைகளின் மட்டம், ஊரில் மழை பெய்ததா, இடையிடையே வீட்டுச் செய்தி. 'மின்சாரம் இல்லை. பெரியவன் போன் பண்ணினான். தக்காளி 40.' ஒரு நாளைக்கு ஒரு வரி. மெனுக்களைத் தமிழில் மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து, பழையபடி இங்கிலீஷிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். 'கோப்புங்கிறது நல்ல வார்த்தைதாம்யா. ஆபீஸ்ல நாங்க அப்படித்தான் சொல்லுவோம். ஆனா பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டா, அவனுக்கு ஃபைலுன்னு சொன்னாத்தானே தெரியுது.' தமிழாக்கத்தைக் குறை சொல்வதாக அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது வேறு என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

61 நாள்

10.04-இன் மேசைப் பதிப்புக்கு ஆதரவு மூன்று வருஷம்தான். 2013 வசந்தத்தில் அது முடிகிறது. 2012 தீபாவளி, நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை. மறுநாள் உட்கார்ந்து 12.04-க்கு மேம்படுத்தினேன். அதற்கு ஐந்து வருஷ ஆதரவு. ஒரு பிழையும் வரவில்லை, கோப்புகள் பத்திரம், இணையம் வேலை செய்தது. தொழில்முறையில் குறை சொல்ல முடியாத வேலை. அன்று ராத்திரியே சென்னைக்கு ரயில் ஏறிவிட்டேன்.

மாறியது வெளித்தோற்றம். 10.04-இல் இருந்தது க்னோம் 2. திரையின் மேலே அப்ளிகேஷன்ஸ், பிளேசஸ், சிஸ்டம் என்று மூணு சொல். அப்பா போகும் வழி ஒன்றுதான்: பிளேசஸ், அதில் கடைசியாகத் திறந்த ஆவணங்கள், அதில் 'அணை'. 12.04-இல் அந்த மூன்று சொல்லும் இல்லை. யூனிட்டி என்ற புதிய முகப்பு. இடது பக்கம் படங்களாக ஒரு பட்டை. மெனுக்கள் ஜன்னலில் இருந்து கழன்று திரையின் உச்சிக்குப் போய்விட்டன, அதுவும் மவுஸை அங்கே கொண்டுபோனால்தான் கண்ணில் படும். ஓரத்தில் பிடித்து இழுக்கும் பட்டைகூட நூல் மாதிரி மெலிந்துவிட்டது.

பொங்கலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. கணினியின் மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. திறந்து பார்த்தேன். கடைசி வரி நவம்பர் 14. அதற்குப் பிறகு எதுவுமில்லை.

"ஏம்ப்பா, எழுதலையா?"

"எழுதலைய்யா. நீ போன மறுநாள் எதையோ அமுக்கிட்டேன் போலுக்கு. திரை பூரா இருட்டி, படம் படமா வந்துட்டு. அதுல அணையைக் காணோம். மேல மேல அமுக்கி, எழுதுனது அத்தனையும் அழிஞ்சிரக் கூடாதுல்லா. அதான் அப்படியே அணைச்சு வச்சுட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"ஒனக்கு ஆபீஸ் வேலை இருக்கும். நான் என்னத்தைச் சொல்லிக் கேட்க? எதைக் காணோம்னு சொல்லத் தெரிஞ்சாத்தானே கேட்க முடியும்."

திரை இருட்டியது யூனிட்டியின் டேஷ். விண்டோஸ் பொத்தானில் கை பட்டாலே திறக்கும். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆனால் அவர் அதை அறிய வழியில்லை. சோம்பலாலோ பயத்தாலோ அவர் நிறுத்தவில்லை. இரண்டு வருஷக் கோப்பைக் காப்பாற்றுவதற்காக நிறுத்தினார். இதைக் கேட்டதும் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுநாள் மாட்டுப் பொங்கல். 'க்னோம் செஷன் ஃபால்பேக்' என்று ஒரு பேக்கேஜ். நிறுவியதும் பழைய தோற்றம் பெரும்பாலும் திரும்பி வந்தது. அரை மணி நேர வேலை.

யாருடைய சுதந்திரம்?

அந்தப் பேக்கேஜ் நவம்பரிலேயே இருந்தது. இந்த விஷயம்தான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். அந்த இயக்கம் கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு உரிமைகளை வகுத்திருக்கிறது. எந்தத் தேவைக்கும் இயக்கலாம், எப்படி இயங்குகிறது என்று படித்து மாற்றலாம், நகலைப் பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். அந்த 61 நாளும் எங்க அப்பாவிடம் நான்கு உரிமைகளும் முழுசாக இருந்தன. முதல் உரிமையான 'இயக்குவது' மட்டும் நடக்கவில்லை.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதே 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது, ஸ்டார்ட் பொத்தானையே காணோம். அதற்குப் பழகியவர்களும் இதே மாதிரி திண்டாடினார்கள். முழு ஸ்டார்ட் மெனு திரும்ப வர 2015-இல் விண்டோஸ் 10 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் அப்படி இல்லை. க்னோம் 2 கைவிடப்பட்ட 2011-லேயே, பிடிக்காதவர்கள் அதன் மூல நிரலை எடுத்து 'மாட்டே' என்று தனியாக வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். லினக்ஸ் மின்ட் அதை ஏற்றுக்கொண்டது. உபுண்டுவே பின்னால் 2017-இல் யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பியது. மேலிடம் ஒரு முடிவு எடுத்தாலும் கீழே இருப்பவர்கள் வேறு வழி போகலாம் என்ற உரிமை வெறும் பேச்சில்லை, உண்மையாகவே வேலை செய்தது.

ஆனால் யாருக்கு வேலை செய்தது? எனக்கு. 'மாட்டே' என்று ஒன்று இருப்பது தெரிந்தவனுக்கு, டெர்மினல் திறக்கத் தெரிந்தவனுக்கு. அப்பாவின் சுதந்திரம் என் விடுமுறைப் பட்டியலோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு நிறுவனத்தை நம்பியிருக்கும் நிலையிலிருந்து அவரை விடுவித்தேன் என்று நினைத்தேன். 600 கிலோமீட்டருக்கும் அப்பால், வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் ஒரே ஒரு மெக்கானிக்கை நம்பியிருக்கும் நிலையில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

தெருமுனை

எங்க தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. சைக்கிளின் வரைபடம் அந்தக் கடைக்காரரிடம் கிடையாது. பார்த்துப் பார்த்துப் பழகிய கை. அவர் இல்லாவிட்டால் அடுத்த தெருவில் இன்னொருவர். சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு இருந்த தைரியம், சைக்கிள் எளிமையான இயந்திரம் என்பதால் மட்டும் வந்ததில்லை. கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் நடந்து போகும் தூரத்தில் இருந்ததால் வந்தது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பூட்டிய மென்பொருளான விண்டோஸுக்கு எங்க ஊரில் பத்து மெக்கானிக் இருந்தார்கள். திறந்த மென்பொருளான லினக்ஸுக்கு ஒருத்தர்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்க முடிகிற சொல்தான் வேண்டும் என்று அப்பா சொன்னது இதைத்தான்.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எவ்வளவு பெரிய வாய்ப்பு! என் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கும் ஒன்று கிடைத்தது. அடுத்த முறை நான் பார்த்தபோது அதில் லினக்ஸ் இல்லை. ஏதோ ஒரு சில்லறைக் கோளாறுக்குக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். 'இது எதுக்கு சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு' என்று கடைக்காரர் அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிட்டாராம். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தில் பள்ளிகளில் லினக்ஸைப் போட்டதோடு நிற்கவில்லை, ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சியும் கொடுத்தார்கள். இன்று 'கைட்' என்ற பெயரில் தங்களுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பு வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்க அதே பள்ளியில் ஒரு டீச்சர் இருக்கிறார். மென்பொருள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். ஆள்தான் வித்தியாசம்.

எங்கள் கூட்டத்தின் மேல் என் குற்றச்சாட்டு இதுதான். எத்தனை கணினியில் லினக்ஸ் போட்டோம் என்று கணக்கு வைத்தோம். எத்தனை பேரைக் கை கொடுக்கிற ஆளாக உருவாக்கினோம் என்று கணக்கு வைக்கவே இல்லை. நான் சிடி கொடுத்த வீடுகளில் ஒரு கடைக்காரர்கூட கிடையாது. அவர்களை 'திருட்டு நகல் போடுகிற ஆட்கள்' என்று கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தேன். உண்மையில் முதல் சிடி அவர்களுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

வழு மூடப்பட்டது

2013 மே 30 அன்று ஷட்டில்வொர்த் வழு எண் 1-ஐ மூடினார். கைபேசிகளும் டேப்லெட்களும் வந்து கணினி உலகமே மாறிவிட்டது, மைக்ரோசாஃப்டின் ஆதிக்கம் பழையபடி இல்லை என்று காரணம் சொன்னார். அந்த மாற்றத்தில் உபுண்டுவின் பங்கு சிறியதுதான் என்பதையும் நேர்மையாக ஒத்துக்கொண்டார். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல் என்பதால், சந்தைப் பங்கு என்ற கணக்கில் அது வெற்றிதான்.

அந்த வெற்றி எங்க வீட்டுக்கும் வந்தது. 2018-இல் கணினியின் மதர்போர்டு போனது. அப்பா கைபேசிக்கு மாறினார். அணை மட்டத்தை ஏதோ ஒரு குறிப்புச் செயலியில் எழுதி வந்தார். 2021-இல் அந்தக் கைபேசி ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. அதோடு மூன்று வருஷக் குறிப்பும் போனது. அந்தச் செயலி எழுதியதை எங்கே, எந்த வடிவத்தில் வைத்திருந்தது என்று எனக்கே தெரியவில்லை. லினக்ஸ் கெர்னல் ஓடிய கருவிதான் அதுவும்.

'அணை' கோப்பு மட்டும் பிழைத்தது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி மாட்டினேன், திறந்தது. யூனிகோடில் இருக்கும் வெறும் எழுத்து. விண்டோஸில் திறந்தது, கைபேசியில் திறந்தது, பக்கத்து வீட்டுப் பையனின் மடிக்கணினியிலும் திறந்தது. அதைத் திறக்க நான் தேவையில்லை. திறந்த மென்பொருள் எங்க அப்பாவுக்குக் கொடுத்ததில் உருப்படியாக மிஞ்சியது எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். யாரும் கை கொடுக்க முடிகிற ஒரு கோப்பு.

இப்போது

நானாக எனக்குச் சில விதிகள் வைத்திருக்கிறேன். பண்டிகைக்குப் போன இடத்தில் மேம்படுத்திவிட்டு ராத்திரி ரயில் ஏறுவதில்லை. மேம்படுத்தினால் அடுத்த இரண்டு நாள் கூட இருந்து, அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலையை அவர்கள் கையாலேயே செய்து காட்டச் சொல்கிறேன். அதே தெருவில் இரண்டாவதாக ஒரு ஆள் கற்றுக்கொள்ளத் தயாராக இல்லை என்றால், அந்த வீட்டில் லினக்ஸ் போடுவதில்லை. இந்த மூன்றாவது விதியால் என் 'நிறுவல் கணக்கு' ரொம்பக் குறைந்துவிட்டது. பரவாயில்லை.

அப்பாவிடம் இப்போது ஒரு பழைய மடிக்கணினி, அதில் மின்ட், மாட்டே முகப்போடு. பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரிக்குப் போய்விட்டான், அவன் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். போன மாசம் வைஃபை இணையவில்லை என்று அப்பா அவரிடம்தான் போயிருக்கிறார். எனக்கு மூணு நாள் கழித்துப் பேச்சுவாக்கில் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் லினக்ஸ் விஷயமாக நான் கேட்ட நல்ல செய்தி அது.

அந்த 61 நாளுக்கும் அப்பா சும்மா இருக்கவில்லை. தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது, அன்றைய மட்டத்தை அதன் பின்பக்கம் எழுதிக் கிளிப் போட்டு வைத்திருந்தார். பரணில் இருந்ததைப் போன வாரம் எடுத்துக் கொடுத்தார். நான் வாசிக்க, அவர் அடித்தார். 49 தாள் இருந்தது. மீதி 12 தாளை அம்மா அப்போதே திருநீறு மடிக்க எடுத்துவிட்டார்களாம்.

அந்த 12 நாளுக்கும் தேதி மட்டும் அடித்து, எதிரே கோடு போட்டுவிட்டார். 'அந்த நாள் பேப்பரைத் தேடிப் பார்ப்பமாப்பா?' என்றேன். 'தாராளமா தேடு' என்றார். 'ஆனா கண்டுபிடிச்சா எனக்குச் சொல்லு, நான்தான் ஏத்துவேன்.'